அக்கா படிப்புக்கு ஓர் எஸ்டிமேட்

அண்ணன்: ...ஆக மொத்தம் ஏழு லட்சம். தலையை ஆட்டாதடா, காதுல ஷேவிங் நுரை போகும்.

சின்னவன்: நான் ஆட்டல. கழுத்து தானா ஆடுது.

தங்கை: ஏழு எப்படி வந்துச்சு? ஃபீஸ் வருஷத்துக்கு எண்பதாயிரம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். அவ்வளவுதானே?

அண்ணன்: வேலையை விடுவல்ல? மாசம் இருபத்திரெண்டாயிரம் நின்னுடும். இருபத்தி நாலு மாசத்துக்கு அஞ்சு லட்சத்து இருபத்தெட்டாயிரம். புத்தகம், சார்ட், பசங்களுக்கு வாங்குற கலர் கட்டை, பாசிமணி... ஒரு பன்னிரண்டாயிரம். கூட்டிக்கோ.

தங்கை: வராத சம்பளத்தையெல்லாம் செலவுல எழுதுவியா?

அண்ணன்: கட்டட எஸ்டிமேட்டுல எழுதுவோம்.

தங்கை: நான் என்ன கட்டடமா?

அண்ணன்: கட்டடம்னா வித்தாவது காசு பாக்கலாம்.

சின்னவன்: அக்காவை யாரும் வாங்க மாட்டாங்க.

தங்கை: நீ பேசாத. பிளேடு பட்டுடும்.

அண்ணன்: சரி, செலவை விடு. வரவுக்கு வருவோம். சிறப்புக் கல்வி டிகிரியை முடிச்சுட்டு ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்ற. எவ்வளவு தருவான்?

தங்கை: ஆரம்பத்துல பதினெட்டு.

அண்ணன்: ஏழு லட்சத்தைப் போட்டு, இப்ப வாங்கறதைவிட நாலாயிரம் குறைச்சலா வாங்கப் போற. இப்படி ஒரு வீடு கட்டணும்னு என்கிட்ட யாராவது வந்தா, உட்கார வச்சு, தண்ணி கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிடுவேன்.

தங்கை: சாயந்திரம் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கலாம். மணிக்கு ஐநூறு. ரெண்டு பசங்க, வாரத்துல மூணு நாள். மாசம் பன்னிரண்டாயிரம்.

அண்ணன்: இவனோட ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர் சாயந்திரம் என்ன பண்ணாங்க, ஞாபகம் இருக்கா?

தங்கை: அவங்க வேற...

அண்ணன்: துணிக்கடையில பில் போட்டாங்க. டீச்சரா பத்து வருஷ சர்வீஸ் இருந்தும்.

சின்னவன்: நல்ல டீச்சர். எனக்குத் தள்ளுபடி கொடுத்தாங்க.

அண்ணன்: சரி, உன் பன்னிரண்டாயிரத்தையும் சேர்த்தே போடறேன். மாசம் முப்பது. இப்ப வாங்கறதைவிட எட்டாயிரம் அதிகம். ஏழு லட்சத்தை எட்டாயிரத்தால வகு... ஏழு வருஷத்துக்கு மேல. படிக்கிற ரெண்டு வருஷத்தையும் சேர்த்தா உனக்கு முப்பத்தெட்டு வயசாகும். அன்னிக்கு நீ, இன்னிக்கு இருக்கிற இடத்துக்கு வந்து சேருவ.

தங்கை: இன்னிக்கு எந்த இடத்துல இருக்கேன்னு தெரியுமா உனக்கு? ராத்திரி பூரா, “உங்க சிம் ஏன் வேலை செய்யலன்னு பாக்கறேன் சார், லைன்லயே இருங்க சார்.” காலையில வந்து படுத்தா, ரெண்டு மணிக்கு இவன் லாண்டரியில இருந்து வந்து பெல் அடிப்பான்.

சின்னவன்: ஒரு தடவைதான் அடிப்பேன்.

தங்கை: ஆமா. கையை எடுக்காம ஒரு தடவை.

அண்ணன்: அதைத்தான் கேக்கறேன். நீ காலேஜ் போயிட்டா ரெண்டு மணிக்கு யார் கதவைத் திறப்பா? நான் சைட்டை விட்டுக் கிளம்பவே ஏழாகுது. இவனைத் தனியா விட்டா என்ன ஆகும்னு பாத்தோமே.

தங்கை: ஒரு பால் பாத்திரம் தீஞ்சுது.

அண்ணன்: பாத்திரத்தோட ஜன்னல் திரையும்.

சின்னவன்: நான்தான் அணைச்சேன்.

அண்ணன்: ஊத்தினது எண்ணெய்டா.

சின்னவன்: பக்கத்துல அதுதான் இருந்துச்சு.

தங்கை: அண்ணி இருந்தவரைக்கும் இப்படி ஒரு கேள்வியே வரல.

அண்ணன்: இப்ப இல்லல்ல. டேய், தாடையைத் தூக்கு.

தங்கை: அதுக்குத்தான் படிக்கறேங்கறேன். இவனுக்காகத்தான். அண்ணி எங்க போய்ப் படிச்சாங்க? எட்டு மாசம் பக்கத்துல உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டக் கத்துக்கொடுத்தாங்க. முறையாப் படிச்சா நான் இன்னும்...

அண்ணன்: ஒட்டிக்கிற பட்டை வச்ச ஷூ கடையில இருக்கு. எட்டு மாசம் ஆகாது.

தங்கை: அதை அண்ணிகிட்ட சொன்னியா?

அண்ணன்: சொன்னேன்.

தங்கை: என்ன சொன்னாங்க?

அண்ணன்: என்னையும் பக்கத்துல உட்காரச் சொன்னா.

சின்னவன்: அண்ணனுக்கும் ஒழுங்கா வராது. அண்ணி சிரிப்பாங்க.

அண்ணன்: போதும். வாயைத் துடை... இது என்ன, உன் பேப்பர்ல கீழ? சாப்பாடு, மாசம் ஆறாயிரம்?

தங்கை: அது... கேன்டீன்.

அண்ணன்: ஒரு வேளைக்கா ஆறாயிரம்?

தங்கை: காலையில சீக்கிரம் போகணும். சில நாள் ராத்திரிகூட லேட்டாகும்...

அண்ணன்: பஸ் காசு எழுதல?

தங்கை: பாஸ் கொடுப்பாங்க.

அண்ணன்: மூணு வேளையும் கேன்டீன்ல சாப்பிடுவ, பஸ்ஸே ஏற மாட்ட. நல்ல காலேஜ்.

தங்கை: நீ முதல்ல காசு எங்கன்னு சொல்லு. அம்மா போட்டு வச்ச டெபாசிட் ரெண்டு லட்சம் இருக்குல்ல? என் ஃபீஸுக்கு அது போதும்.

அண்ணன்: எண்பதாயிரம் இருக்கு.

தங்கை: ரெண்டு லட்சம் இருந்துச்சே.

அண்ணன்: வட்டியைக் குறைச்சுட்டான்.

தங்கை: வட்டியைக் குறைச்சா முதல் எப்படிண்ணா குறையும்?

அண்ணன்: ...பாத்ரூம் வேலைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கேன்.

தங்கை: எந்த பாத்ரூமுக்கு? காலையிலகூட ஒழுகுற குழாய்க்கு அடியில வாளி வச்சுட்டு வந்தேன்.

அண்ணன்: அட்வான்ஸ்தானே கொடுத்திருக்கேன். இன்னும் ஆரம்பிக்கல.

தங்கை: ஒரு லட்சத்து இருபதாயிரமா அட்வான்ஸ்? உள்ள என்ன, நீச்சல் குளம் கட்டறானா?

சின்னவன்: எனக்குத் தெரியும்.

அண்ணன்: உனக்கு ஒண்ணும் தெரியாது.

சின்னவன்: சாப்பாட்டுக் கணக்கும் தெரியும்.

தங்கை: உனக்கு ஒண்ணும் தெரியாதுடா.

சின்னவன்: சரி. தெரியாது.

அண்ணன்: அந்தப் பக்கம் திரும்பு. இந்தக் கன்னத்துல இன்னும் இருக்கு.

தங்கை: அண்ணி பேர்ல வந்த இன்ஷூரன்ஸ் காசு...

அண்ணன்: அதை நான் எவ்வளவுன்னுகூடப் பாக்கல.

தங்கை: கேக்கல நான். சும்மா சொன்னேன்.

அண்ணன்: தெரியும்.

தங்கை: உனக்கு முடியலன்னு எனக்குத் தெரியுதுண்ணா. சைட்டுல இருந்து வந்து, இவனுக்கு ஷேவ் பண்ணி, மாத்திரை கொடுத்து, துணி எடுத்து வச்சு... ஒரு நாள்கூட நீ முகம் சுளிச்சதில்ல.

அண்ணன்: சுளிக்கறதுக்கு முகம்னு ஒண்ணு வேணும்ல.

தங்கை: அதான், நான் படிச்சா உனக்கும் பாரம் குறையும்.

அண்ணன்: உன் எஸ்டிமேட்டுல அதுக்கு ஒரு வரியும் இல்லையே.

தங்கை: எல்லாத்தையும் வரியில எழுத முடியுமா?

அண்ணன்: ...சரி. படி.

தங்கை: என்னது?

அண்ணன்: படின்னேன். இருக்கிற எண்பதாயிரத்தை முதல் வருஷத்துக்குக் கட்டு. அடுத்த வருஷத்துக்கு எங்கயாவது புரட்டிக்கலாம்.

தங்கை: ஏழு வருஷக் கணக்கெல்லாம் போட்டியே?

அண்ணன்: கணக்கு கணக்கா இருக்கட்டும். கட்டக் கூடாத வீடுன்னு தெரிஞ்சும் கட்டறவங்க இருக்காங்க. அவங்களாலதான் எங்க பொழப்பே ஓடுது.

தங்கை: அப்ப ரெண்டு மணிக்குக் கதவு?

அண்ணன்: அதை நான் பாத்துக்கறேன். நீ யோசிக்காத.

தங்கை: இல்ல, நானும் மதியத்துக்குள்ள வந்துடப் பாக்கறேன். எங்க போயிடப் போறேன்?

அண்ணன்: அதான். நான் மட்டும் எங்க போகப் போறேன்?

தங்கை: மூணு பேரும் இங்கதானே இருக்கப் போறோம்.

அண்ணன்: பின்ன? ...முடிஞ்சுதுடா. கன்னத்தைத் தொட்டுப் பாரு.

சின்னவன்: வழவழன்னு இருக்கு. அண்ணி பண்ணினா இன்னும் வழவழன்னு இருக்கும்.

அண்ணன்: ஆமா.

தங்கை: டேய், உன்னை யாரும் கேக்கவே இல்லல்ல? நீ சொல்லு. அக்கா படிக்கட்டுமா?

சின்னவன்: படிக்கட்டும். ஆனா அண்ணன் எஸ்டிமேட் தப்பு.

அண்ணன்: எங்கடா தப்பு? ரெண்டு தடவை கூட்டிட்டேன்.

சின்னவன்: டாக்ஸி எழுதல.

தங்கை: எதுக்கு டாக்ஸி?

சின்னவன்: சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் சொல்லாதன்னீங்க.

அண்ணன்: ரெண்டு பேருமா?

தங்கை: அண்ணா... நீ இவன்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?

அண்ணன்: நீ என்ன சொல்லி வச்சிருக்க?

சின்னவன்: சண்டை போடாதீங்க. அக்கா ஒண்ணாம் தேதி வெளியூர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறா, பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு. அண்ணன் என்னைக் கொண்டுபோய் விடறேன்னு அட்வான்ஸ் கட்டின ஹோமும் ஒண்ணாம் தேதிதான், நான் துண்டெல்லாம் மடிச்சு வச்சுட்டேன். ஹோம் பஸ் ஸ்டாண்ட் போற வழியிலதான் இருக்கு, அதனால ரெண்டு டாக்ஸி தண்டம், ஒண்ணு போதும்... திரும்பி வரும்போது அண்ணன் மட்டும்தானே, அதுக்கு பஸ் போதும்.