போட்ட மொட்டை செல்லுமா?

"போட்ட மொட்டை செல்லுமாக்கா, செல்லாதா?"

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில், எனக்கு எதிரே இருந்த பெண் தலைத்துண்டை விலக்கிக் காட்டினாள். முடி இன்னும் காதைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த மூத்தவள் தடவிப் பார்த்தாள்.

"எதுக்குடி வேண்டுன?"

"எங்க எம்.எல்.ஏ. செயிக்கணும்னு. செயிச்சா சோளக்காட்டுக்குள்ள யானை வராம அகழி வெட்டித் தர்றேன்னாரு. செயிச்சாரு, நானும் முடியெறக்குனேன். இப்ப ராஜினாமா பண்ணிட்டு, எதுத்த கட்சிக்குப் போயி, மறுபடி நிக்கிறாரு."

"சாமி குடுத்துருச்சுல்ல? அப்பச் செல்லும்."

"சாமி குடுத்தத அவரு திருப்பிக் குடுத்துட்டாரேக்கா."

மூத்தவள் அவள் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒம் புருசன் அந்த எதுத்த கட்சிதானடி?"

"ஆமா. எம்.எல்.ஏ. தோக்கணும்னு அதே கோயில்ல வேண்டுன மனுசன், இப்ப அவரு நம்மாளு, செயிக்கணும்னு வேண்டிக்கங்கிறாரு."

"அகழி?"

"வெட்டல. நேத்தும் யானை வந்துச்சு."

"அப்ப வேண்டிக்கிற வேண்டியதுதேன்."

வளைவில் ஜீப் குலுங்கியது. அவள் துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"முடி வளர்றதுக்குள்ள மறுபடி நிக்கிறாரேக்கா. எதக் குடுக்க?"