சதுப்புக் குகையில் நிறுத்திய ஆட்டம்

எங்கள் கடைக்கு வந்த யாரையும் நான் நிற்க வைத்துப் பேசியதில்லை. நீங்களும் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கேம் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

நாங்கள் விற்பது வீடியோ கேம். நானும் என் தங்கை புருஷனும் சேர்ந்து நடத்துகிறோம். மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே அவன் எனக்குச் சிநேகிதன். கடையைச் சாத்தியதும் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து மாறி மாறி ஆடுவோம். அதைவிட எனக்குச் சந்தோஷம் வேறில்லை.

இந்த வருஷம் ஜப்பானிலிருந்து இரண்டு கதை ஆட்டங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று டிராகனை வேட்டையாடுகிறவன் கதை, மற்றது தபால் சுமக்கிற பெண்ணின் கதை. தபால்காரியின் வசனம் முழுவதையும் நம் மொழியில் எழுதியவன் மாப்பிள்ளை. மூன்று வருஷ உழைப்பு. இங்கே வரவேற்பு நன்றாக இருந்தால் தலைமை அலுவலகத்தில் நிரந்தர வேலை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கடல் தாண்டிப் போக வேண்டும். தங்கை அப்போதே பெட்டிகூட வாங்கிவிட்டாள்.

ஊரில் அதை முதலில் ஆடி முடித்தவன் நான்தான். கடைசிக் காட்சியில் தேம்பித் தேம்பி அழுதேன். அப்படி எழுதியிருந்தான் பாவி. இது ஜெயிக்காமல் போகாது என்று அன்றே புரிந்துவிட்டது. அதுதான் கவலையாகிவிட்டது.

வாங்குமுன் ஆடிப் பார்ப்பதற்காகக் கடையில் இரண்டு டிவி வைத்திருக்கிறோம். எந்த இடத்திலிருந்து ஆடலாம் என்று சேவ் செய்து வைப்பது என் பொறுப்பு. வேட்டைக்காரனை, எல்லாப் பலமும் சேர்த்து, டிராகன் முன்னால் வாளை உருவும் இடத்தில் நிறுத்தினேன். தபால்காரியை, அடிக்கு அடி கால் புதையும் சதுப்புக் குகையில் நிறுத்தினேன். அவளுடைய மருந்தையெல்லாம் விற்றேன், செருப்பையும் விற்றேன். வசனம் ஓடும் வேகத்தை ஆகக் குறைவாக வைத்தேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நான் யாரிடமும் ஒரு பொய் சொல்லவில்லை, பாருங்கள். ஆடியவர்கள் தாங்களாகவே சொன்னார்கள். ரிவியூ எழுதுகிற கண்ணாடிக்காரர் வந்தார். "என்னங்க இது, எழுதினவரு தூங்கித் தூங்கி எழுதியிருப்பாரு போல," என்று கொட்டாவி விட்டார். பக்கத்து டிவியில் டிராகன் சாய்ந்ததும் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். அவர் எழுதினார், ஊரே பின்பாட்டுப் பாடியது.

மற்ற நாடுகளில், மற்ற மொழிகளில், இரண்டு ஆட்டத்தையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இங்கே மட்டும் ஒன்று படுத்துவிட்டது. ஆகவே வசனம்தான் சொத்தை என்று நீங்கள் முடிவுகட்டினீர்கள். வேலை கைநழுவிப் போயிற்று.

ஒருநாள் மாப்பிள்ளை கேட்டான். "மச்சான், மறைக்காம சொல்லு. நான் எழுதினது அவ்வளவு மோசமா?"

"ஊர் வாயை மூட உலைமூடி ஏது மாப்ள? விடு, நமக்குக் கடை இருக்கு," என்றேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. பாசம் அப்படி.

அதற்குப் பிறகு அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. அவனுக்கும் சேர்த்துத் தங்கையே பேசுகிறாள், பெரும்பாலும் என்னைத் திட்டித்தான். மற்றபடி ஒரு குறையும் இல்லை. தினமும் கடையைச் சாத்தியதும் அதே சோபா, அதே இரண்டு பேர். அவன் திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவன் முறை வரும்போது அவனுக்கும் சேர்த்து நானே பட்டனை அழுத்திவிடுகிறேன். பிடிக்காவிட்டால் எழுந்து போயிருக்க மாட்டானா?