ஆழ்வார்குறிச்சிக் காரின் இடது சக்கரம்

தலைமையையும், அதோடு வரும் தலைவலியையும் சேர்த்தே ஏற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் தேவசிகாமணி அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பணிமனை முதலாளிமார்களே! கைக்கிரீஸைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்திருக்கும் மெக்கானிக் தம்பிகளே! எங்கள் சட்டையில் ஏறிய ஆயில் கறையை ஆயுள் முழுக்கத் துவைத்துக்கொண்டிருக்கும் அருமைத் தாய்மார்களே! உங்கள் எல்லோர் பாதத்தையும் வண்ணார்பேட்டை வீல் அலைன்மென்ட் பெருமாள்ராஜ் ஆகிய நான் பணிந்து வணங்குகிறேன்.

மாலை போட்டீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள். இந்த ஆண்டின் சிறந்த வேலைக்கென்று கேடயம் தந்தீர்கள். எதற்காகத் தந்தீர்கள்? ஆழ்வார்குறிச்சி டீச்சர் பிரியதர்ஷினியின் சிவப்புக் காருக்கு நான் செய்த சஸ்பென்ஷன் வேலைக்காக. கேட்கிறேன் ஐயா, அந்தக் கார் வென்றதா? அந்தப் பிள்ளை வென்றாளா? தோற்றுப்போன பிள்ளையின் பெயரைச் சொல்லி எனக்குக் கேடயம்! இதை எந்த முகத்தோடு வீட்டு அலமாரியில் வைப்பேன்? நல்ல வார்த்தை கேட்க வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இன்று என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

பிரியதர்ஷினி கணக்கு டீச்சர். அப்பா முத்துமாலை, நெல் போடுகிற சம்சாரி. அந்தப் பிள்ளை தன் சம்பளத்தில் வாங்கியது அந்த ஹேட்ச்பேக். பார்க்கச் சின்ன வண்டி, மூடியைத் திறந்தால் அடங்காத எஞ்சின். பெண்கள் மட்டுமே ஓட்டுகிற ஒரு ராலி கார்ப்பந்தய அணி, கோயம்புத்தூரிலிருந்து வந்து கயத்தாறு பக்கம் ஒரு மைதானத்தில் தேர்வு வைப்பதாக அறிவித்தது. காலியாக இருந்ததோ ஒரே ஓர் இடம். வயது வரம்பு வேறு. இந்தப் பங்குனியை விட்டால் அவளுக்கு அடுத்த பங்குனி கிடையாது.

என் பட்டறைக்கு வந்தாள். "அண்ணாச்சி, வேகம் போதும். வளைவுல திருப்புனா வண்டி மூக்கு வெளிய ஓடுது. திருப்புன ஒடனே திரும்பணும். அது ஒங்களால ஆவுமா?" என்றாள். இத்தனை வருடத்தில் என்னிடம் 'டயர் தேயுது', 'ஸ்டியரிங் இழுக்கு' என்று வந்தவர்கள்தான் உண்டு. திரும்பும் அழகைக் கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.

என்ன செய்தேன் என்பதைத் தாய்மார்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். யாரது பின்னால், 'எங்களுக்கும் புரியும்படி சொல்லும் வே' என்பது? சொல்லுதேன் வே, பொறும்! கபடிக்காரன் காலை ஒட்டி வைத்து நிற்பானா, அகட்டி வைத்து நிற்பானா? அகட்டித்தானே நிற்பான்? அப்படித்தான் முன்சக்கரங்களின் தலையை உள்ளே சாய்த்து, அடியை வெளியே தள்ளினேன். அது கேம்பர். சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வைக் காருக்குக் கூட்டினேன். அது கேஸ்டர். இரண்டு சக்கரமும் நேர்கொண்டு பார்க்கும்படி வைத்தேன். அது டோ. ஸ்பிரிங்கை இறுக்கினேன், வண்டியைத் தாழ்த்தினேன். அவளையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, அவள் ஒருத்தியின் எடைக்கு, அவள் ஒருத்தியின் கைக்கு, அளந்து அளந்து வைத்தேன்.

பாபநாசம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து இறங்கியவள் கார்க் கதவைக்கூடச் சாத்தவில்லை. "அண்ணாச்சி! நான் நெனைக்கதுக்கு முந்தி திரும்புது அண்ணாச்சி!" என்று பட்டறை நடுவே நின்று கத்தினாள். நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன். "யம்மா, வண்டி தரையோட கெடக்கு. தேர்வு முடியுத வரைக்கும் இதுல ஆள ஏத்தாத."

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் என்ன நாள்? பங்குனி உத்திரம்! உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவைப் பார்க்காத குடும்பம் நம் ஜில்லாவில் உண்டா? அமெரிக்காவில் இருப்பவனே அன்றைக்கு ஊர் வந்து சேருகிறான். இவர்கள் சாஸ்தா இருப்பதோ திசையன்விளைக்கும் தெற்கே, செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரிக்குள்ளே. பேசி வைத்த வேன் காலையில் வரவில்லை. வீட்டு வாசலில் நின்றதோ சிவப்புக் கார்.

"ஏட்டி, நாளைக்குப் போட்டியில ஓடப்போற வண்டி. சாஸ்தா முன்னால கொண்டு நிறுத்தாம எப்படிட்டீ ஓட்டுவ?" என்றாள் அத்தை நீலாம்பாள்.

"அத்தை, ஆள ஏத்தக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காவ."

"நாம ஆளாட்டீ? வீட்டு மனுசங்கல்லா!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். என் வீட்டிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். "பைய போயி பைய வந்துருவோம்ளா" என்றார் முத்துமாலை. எட்டுப் பேர் ஏறினார்கள். பொங்கல் பானை ஏறியது, விறகு ஏறியது, தேங்காய் மூட்டை ஏறியது. எல்லாம் யாருக்காக? அவளுக்காக! அவள் வெல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தேங்காயும் நேர்ந்துகொண்டது!

பைய என்றால் பையத்தான் போனார்கள். தேரிப் பாதையில் ஒரு பள்ளம் வந்தது. இறங்கி நடந்திருக்கலாம். ஆனால் விரதக்காரர்கள் செருப்புப் போடவில்லை, பங்குனி வெயிலில் மணல் கொதிக்கிறது. "பெரிய மனுசிகள எறக்கி விட்டுட்டா ஓட்டணும்? உருட்டுட்டீ" என்றார் அப்பா. உருட்டினாள். மணலுக்குள் ஒரு கல். இடது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். "சாமி எல்லைக்கு வந்தாச்சு, ஒண்ணும் ஆவாது" என்றாள் அத்தை. குலவையிட்டுக்கொண்டே போய்ப் பொங்கல் வைத்தார்கள்.

ஞாயிறு விடிந்ததும் எனக்குப் போன். "அண்ணாச்சி, ஸ்டியரிங் நேரா நிக்க மாட்டேங்கு. கயத்தாறுக்கு வாங்க அண்ணாச்சி." ஓடினேன். அடியில் படுத்துப் பார்த்தேன். இடது சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற லோயர் ஆர்ம் வளைந்து கிடந்தது. மாற்று ஆர்ம் எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை, அதுவும் உத்திரத்துக்கு மறுநாள், வண்ணார்பேட்டையில் ஒரு கடை திறந்திருக்குமா? கடைக்காரர்களே, நீங்களும் உங்கள் சாஸ்தா கோயிலில்தானே இருந்தீர்கள்! வண்டியோரம் நூலைக் கட்டி அளந்து, டோவை நேராக்கினேன். வண்டி நேரே ஓடியது. ஆனால் சாய்த்து வைத்த கேம்பர் போய்விட்டது. வளைந்த இரும்பை நூல் நிமிர்த்துமா?

ஓட்டினாள் ஐயா. இடப்பக்க வளைவுகளில் நான் அளந்து வைத்த கார்தான் ஓடியது. அந்த அணியின் மேனேஜர் அம்மாள் எழுந்து நின்றே பார்த்தார். ஆனால் வலப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் எந்தச் சக்கரத்தில் விழும்? இடது சக்கரத்தில்! ஒவ்வொரு வலது வளைவிலும் மூக்கு வெளியே ஓடியது. நிறுத்தி வைத்த கூம்புகள் சரிந்தன. சரிந்த கூம்புக்குக் கூம்பு அபராத நேரம் கூடியது. இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது.

முத்துமாலை அங்கேதான் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மகளுக்குப் பூசக் குங்குமப் பொட்டலம். காரைச் சுற்றி வந்தவர், இடது சக்கரத்தருகே குனிந்து உள்ளே கையை விட்டார். விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது தேரி மண்ணுல்லா?" என்றார். பிரியதர்ஷினி குறுக்கே வந்து, "இல்லப்பா, எனக்குத்தான் திருப்பத் தெரியல" என்றாள். அவர் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. "தேங்கா மூட்டைய நான்தாம்மா ஏத்துனேன்" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நெல் விலை விழுந்தபோதும் கலங்காத மனுஷன், குங்குமப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

யாரைக் குறை சொல்வேன்? பாசம் வைத்த அத்தையைச் சொல்வேனா? பாரம் ஏற்றிய அப்பாவைச் சொல்வேனா? பள்ளம் விழுந்த பாதையைச் சொல்வேனா? வராமல் போன வேனைச் சொல்வேனா? அவளைப் பிடிக்காதவன் ஒருவனும் அந்தக் காரில் ஏறவில்லையே! அவளுக்குக் கெடுதல் நினைத்த ஒரு ஜீவன் அதில் இல்லையே! நம் பிள்ளைகளை நாம் தாங்குகிறோம், தாங்குகிறோம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். தாங்கவில்லை ஐயா! ஏறி உட்கார்ந்திருக்கிறோம்! கும்பலாக, குடும்பமாக, குலவையிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்திருக்கிறோம்! கை தட்டாதீர்கள். தட்டுகிற கை எல்லாம் அடுத்த உத்திரத்துக்கு மூட்டை தூக்கத்தான் போகிறது, எனக்குத் தெரியாதா? என் கையும் தூக்கும்.

அப்புறம் புது ஆர்ம் வரவழைத்து மாட்டினேன். எல்லா அளவையும் மறுபடி வைத்தேன். இன்று அந்தக் கார் முன்னைவிட நன்றாகத் திரும்புகிறது. திரும்பி எங்கே போக? போன வாரம் அவள் வந்தாள். "முன்ன இருந்த மாதிரியே ஒசத்தி வச்சிருங்க அண்ணாச்சி. வைகாசியில மதினிக்கு வளைகாப்பு. எல்லாரும் போவணும்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் இவ்வளவு உடைந்திருக்க மாட்டேன். நாளைக் காலையில் அதே கையால், நான் வைத்ததை எல்லாம் நானே கழற்றப் போகிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், இந்தக் கேடயத்தைக் கூச்சத்தோடு வாங்கிக்கொள்ள வைத்த தலைவருக்கும் என் நன்றியும் வணக்கமும். போகிறபோது ஒரே ஒரு விண்ணப்பம். சங்கத்தார் கேட்டதால் அந்தச் சிவப்புக் கார் மாலையோடு வாசலில் நிற்கிறது. பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு ராத்திரிதான் அது அவள் எடைக்கு நிற்கும். தயவுசெய்து யாரும் ஏறி உட்காராதீர்கள்.