கையெழுத்துப் போடாத கடைக்காரர்

சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கக் கூடாது. மெஷின் சத்தம் அயலவரின் ஓய்வைக் குலைக்கும் என்பார்கள். ஆனால் அதே ஞாயிறு காலையில் தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு டிராமில் ஏறலாம். பக்கத்தில் இருப்பவர் தன் பையை நகர்த்தி இடம் விடுவார். நான் பேர்ண் நகரில் வளர்ந்தவன். குடியுரிமை கிடைத்ததும் இராணுவப் பயிற்சிக்குப் போனேன். முடிந்தபோது எல்லோரையும் போல என்னையும் துப்பாக்கியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாடு என்னை நம்பிக் கையில் கொடுத்த முதல் பொருள் அது. நீங்கள் என்னை ஒரு வெறியன் என்று நினைத்து வந்திருப்பீர்கள் இன்ஸ்பெக்டர், அதனால்தான் இதைச் சொல்கிறேன். நான் ஒழுங்கான மனிதன்.

ஆங்கிலம் எனக்கு நன்றாகவே வரும். மொழிபெயர்ப்பாளராக இந்தப் பிள்ளையைக் கூப்பிடக் கேட்டது, தமிழில் என்றால் நிதானமாகச் சொல்வேன் என்பதற்காக.

மனைவி தயாளினியின் சகோதரிகள் செவன் கிங்ஸில் இருந்ததால் நாங்களும் லண்டனுக்கு மாறினோம். கடைகளுக்கு ஷட்டர், அலாரம், கமரா பொருத்திப் பூட்டுவது என் தொழில். இலங்கைத் தமிழரின் கடைகளில் பாதிக்கு மேல் என் கைவேலைதான். கொள்ளை நடந்தால் உங்களுக்கு அடுத்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். சில நாட்களில் உங்களுக்கு முன்பே நான் போய்விடுவேன்.

அப்படிப் போகும்போது பார்த்தவற்றை நீங்கள் அறிக்கையில் எழுதுவதில்லை. ஒருமுறை இல்ஃபோர்டில் ஒரு கடைக்காரர், ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், காற்சட்டையை நனைத்துவிட்டு அந்த ஈரத்தைப் பால்பெட்டி துடைக்கும் துணியால் ஒற்றிக்கொண்டு நின்றார். முகத்தில் அசட்டுச் சிரிப்பு. "ஒண்டும் நடக்கேல்லைத் தம்பி, கல்லாவை மட்டும்தான் எடுத்தவங்கள்" என்றார். அந்த மணம் என் சட்டையில் நாள் முழுக்க இருந்தது. எனக்குக் கொள்ளைக்காரர்மீது கோபம் வரவில்லை. அந்த மனிதர்மீது அருவருப்பு வந்தது. வீட்டுக்கு வந்து இருமுறை குளித்தேன்.

தொண்ணூற்றேழில் இந்த நாடு கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு வந்த சட்டம். அந்தத் துயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கிகளை யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்? துப்பாக்கிக் கழகங்களில் காகித வட்டத்தைச் சுட்டுக்கொண்டிருந்த கிழவர்கள். கடைக்குள் புகுகிறவன் எதையும் ஒப்படைக்கவில்லை. இதில் பிழை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நான் பலரிடம் கேட்டுவிட்டேன்.

ஆகவே கடைக்காரர் தற்காப்பு உரிமைச் சங்கத்தைத் தொடங்கினேன். கேட்டது சின்ன விஷயம்தான். பயிற்சி பெற்ற, குற்றப் பதிவு இல்லாத கடைக்காரருக்கு லைசென்ஸோடு ஒரு கைத்துப்பாக்கி. பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்ப ஒரு மனு. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தேன். நன்றாகப் பேசினேன். வந்தவர்கள் பேனைகளைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

அப்போதுதான் சச்சிதானந்தன் எழுந்தார். செவன் கிங்ஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். மெலிந்த மனிதர், எப்போதும் கருவாட்டு மணம்.

"அண்ணை சொல்லுறது விளங்குது," என்றார். "என்ர கடையிலயும் மூண்டு தரம் களவு போனது. காசைக் குடுத்தன், போயிட்டாங்கள். இரவு வீட்டை போய் பிள்ளையளோட சாப்பிட்டன். துவக்கு இருந்திருந்தா ஒண்டில் அவன் செத்திருப்பான், இல்லாட்டி நான். ஊரில ஆமியிட்டயும் இருந்தது, இயக்கப் பெடியளிட்டயும் இருந்தது. அது இல்லாத இடத்தில இருப்பம் எண்டுதானே இங்க வந்தனாங்கள்?"

அவ்வளவுதான். உட்கார்ந்து வடையைக் கடித்தார். யாரோ கை தட்டினார்கள். பேனைகள் சட்டைப்பைகளுக்குள் போயின. எண்ணெய் வழிந்த அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றுமுறை கொள்ளை போனதைப் பெருமையாகச் சொல்லும் மனிதனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவரை எனக்குப் பிடிக்காது என்று எழுதாதீர்கள். நாங்கள் நல்ல பழக்கம். அவருடைய ஷட்டரையும் கமராவையும் பூட்டியது நான். போனால் தேத்தண்ணி தராமல் விடமாட்டார். அவருக்கு உண்மையான பயம் ஒருமுறை வந்தால் புரிந்துவிடும், அவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள் என்று நினைத்தேன். அது கற்பித்தல். பயிற்சி முகாமில் எங்களுக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள்.

நான் கொண்டுபோன கைத்துப்பாக்கி எனக்குச் சொந்தமானது. சுவிஸில் பதிவு செய்து முறைப்படி வாங்கியது. லண்டனுக்கு வரும்போது சாமான் ஏற்றிய வான் வண்டியில், உபகரணங்களுக்கு நடுவில் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

மாசி மாதம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துபோன பிறகு கடை சற்று ஓய்ந்திருக்கும் நேரம். மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் போட்டிருந்தேன். உள்ளே நுழைந்ததும் ஷட்டரை இழுத்தேன். அது பாதியில் சிக்கும். இடது பக்க அடியில் காலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் இறங்கும். தட்டினேன். பழக்கம்.

ஆங்கிலத்தில், குரலை மாற்றி, கல்லாவைத் திறக்கச் சொன்னேன். திறந்து தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு ஷட்டரைப் பார்த்தார், பிறகு என் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"குகநாதன் அண்ணை," என்றார். "உங்களுக்கு என்ன பிரச்சினை? காசு தேவையெண்டா ஒரு சொல் கேட்டிருக்கலாமே."

துப்பாக்கியை இறக்காமல் நின்றேன்.

"அதைக் கழட்டுங்கோ, வேர்க்கும். தேத்தண்ணி வைக்கிறன். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். கஜந்தினிக்கும் சொல்லமாட்டன்."

கஜந்தினி அவருடைய மனைவி. அவர் கண்களில் பயம் இல்லை. பயத்தை நான் அறிவேன், எத்தனையோ கடைகளில் துடைத்திருக்கிறேன். இருந்தது இரக்கம். என்னை ஒரு பிச்சைக்காரனைப் போலப் பார்த்தார். கருவாட்டு மணத்தோடு அந்த இரக்கமும் ஹெல்மெட்டுக்குள் வந்து நிறைந்தது.

அப்போது அவருடைய கை மேசைக்கு அடியில் போனது. இந்த இடத்தைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள். ஒருவன் கை மறைந்தால் அதில் என்ன வரும் என்று காத்திருக்கக் கூடாது. அது தற்காப்பின் முதல் பாடம். சுட்டேன். இரண்டாவது முறையும் சுட்டேன், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

மேசைக்கு அடியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் இருந்தது. ஓம், அங்கே கேத்தல்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கான பிளக்கைப் பூட்டிக் கொடுத்தது நான்தானே. அலாரம் பொத்தான் மற்றப் பக்கத்தில் இருக்கிறது. அவர் அதை நோக்கித் திரும்பவே இல்லை.

கிழிந்த மூட்டையிலிருந்து சிவப்பரிசி கொட்டி, அவருக்குக் கீழே ஊறிக்கொண்டிருந்தது. மிகவும் அசுத்தமாக இருந்தது. கல்லாத் தட்டை நான் தொடவில்லை. நான் கள்வன் இல்லை.

கமராவில் எதுவும் பதியவில்லையே என்று முதல் விசாரணையில் கேட்டீர்கள். பதிவுப் பெட்டியைத் திருத்துவதாகச் சொல்லி ஒரு கிழமைக்கு முன்பே கழற்றிக்கொண்டு வந்திருந்தேன். அதில் பழுது எதுவும் இருக்கவில்லை.

செத்தவீட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். அந்த மனு அன்றைக்கு நிரம்பியது. அதிபராக இருந்தவர் முதலில் போட்டார். கஜந்தினி சுவரில் சாய்ந்திருந்தார். அவரிடம் பேனையை நானே கொண்டுபோய் நீட்டினேன். எங்கே போடவேண்டும் என்று கேட்டார். விரலால் காட்டினேன். சச்சிதானந்தனின் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்தோம். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. கடையின் ஷட்டரைக் கழற்றிப் புதியது போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

துப்பாக்கியைத் தேம்ஸில் எறிந்திருந்தால் இன்று நான் இங்கே இருக்கமாட்டேன் என்று உங்கள் உதவியாளர் சிரித்தார். துப்பாக்கியை மதிக்கிறவன் அதை ஆற்றில் எறியமாட்டான். துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். குளிர் உடுப்புகளை எடுத்து வைக்க ஏறியபோது தயாளினி கண்டுவிட்டாள்.

குசினிக்கு வந்தாள். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். துணியைப் பிரித்துக் காட்டினாள். நான் மறுக்கவில்லை, அவளிடம் பொய் சொன்னதில்லை. என் கையிலிருந்த சட்டியை வாங்கி அரிசியைக் குப்பைவாளியில் கொட்டினாள். பிறகு சிங்கைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

"இந்தக் கையாலதானே அவவுக்குப் பேனை நீட்டினீங்கள்?" என்று கேட்டாள். வாயைத் துடைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தாள்.

பதினேழு வருடம் என்னோடு வாழ்ந்தவள். ஒரு பொருளையும் அதை வைத்திருக்கிறவனையும் பிரித்துப் பார்க்க அவளுக்கும் தெரியவில்லை. உங்கள் ஆட்கள் வந்து அதைச் சட்டவிரோத ஆயுதம் என்று சொல்லி, இறைச்சித் துண்டைப் போலப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அதைப் பார்க்க எனக்கு வெறுப்பாக இருந்தது.

சச்சிதானந்தனைக் கொன்றது நான். திட்டமிட்டுப் போனேன், அடையாளம் கண்டபின் சுட்டேன், என் கொள்கைக்கு அவருடைய சாவு பயன்பட்டது, அதைப் பயன்படுத்தினேன். இந்த வரிகளின் கீழே கையெழுத்துப் போடுகிறேன். மனுவிலிருந்து என் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் செய்ததால் ஒரு நியாயமான கோரிக்கை கெட்டுப்போகக் கூடாது.

கஜந்தினிக்கு ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டீர்கள். மன்னிப்புக் கேட்டால் நம்பமாட்டார். பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை, இதை நான் சொல்கிறபடியே அவரிடம் சொல்லும்.

"தங்கச்சி, கடையில இனித் தனிய நிக்காதேங்கோ. இந்த ஊரில ஆர் துவக்கோட உள்ள வருவான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."