வீரம்மா படத்துக்கு மாலை போட்டது யாரு?

இல்லம்மா, நீங்களே சொல்லுங்க, நாப்பத்திரண்டு படம் மாட்டியிருக்கு, ஒண்ணுலகூட ஒரு மொகம் இல்லைன்னா அதுக்கு என்ன அர்த்தம்? கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறேன். அந்தப் பார்சல மேல தூக்கி வைக்கவா? சரி சரி, மடியிலயே இருக்கட்டும். நானுஓயாவுல ரயில் ஏறுனதுலேர்ந்து கைப்புள்ளையாட்டம் பிடிச்சிருக்கீங்க, அதான் கேட்டேன்.

எங்க விட்டேன்... ஆங், படம். நுவரெலியாவுல சீசனுக்குப் போட்டோக் கண்காட்சி வச்சோம், பேராதனை யூனிவர்சிட்டிப் புள்ளைங்க நாங்க. 'மாறும் மலைநாடு'ன்னு பேரு. பேருக்கு ஒரு கொறையும் இல்ல. படம் எடுத்தவரு துரைராசா, யாழ்ப்பாணம், எங்கூடத்தான் படிக்கிறாரு. பனி, அருவி, பனிக்குள்ள அருவி, அவ்வளவுதான். திம்புள்ளப் பக்கம் ஒரே மேட்ட மூணு காலத்துல காட்டுறாராம். பழைய தோட்டத்துத் தொரை ஒருத்தரோட ஆல்பத்துலேர்ந்து ஒண்ணு, அப்ப அது காடு. அடுத்ததுல தேயிலை, ஓரமா ஒரு லயம், வரிசையா தொழிலாளி வீடுங்க. இப்ப இவரு எடுத்ததுல லயத்தக் காணோம், தைலமரம் நிக்குது. ஏங்க, அந்த லயத்துல இருந்தவங்க எங்கன்னு கேட்டேன். "அது வேற விசயம், நான் நிலத்தைத்தான் எடுக்கிறன்"னாரு. நிலம் தானாவா மாறுச்சும்மா? எந்திரிச்சு நடந்து போயி மாறிக்கிச்சா? எங்க தாத்தா நின்னு வெட்டுன காடு அது மாதிரி எத்தன. கொழுந்துப் பொண்ணுங்க படம் ஒண்ணு இருந்துச்சு, எல்லாம் முதுகு. கூடையும் முதுகும். கீழ 'அழகு'ன்னு எழுதியிருக்காரு. யாரு முதுகுய்யா அதுன்னேன். உமக்கு விசரோன்னாரு, பைத்தியமான்னு.

விடுவனா? மூணு நாளு சண்ட. பன்னெண்டு மொகம், ஒவ்வொண்ணுக்கும் கீழ பேரு, அப்படின்னாத்தான் நா கண்காட்சியில நிப்பேன்னுட்டேன். வட்டவளையில எங்க தோட்டத்துக்கே அவரக் கூட்டிக்கிட்டுப் போனேன். எங்கம்மாவத்தான் மொதல்ல எடுத்தாரு. வீரம்மா. எங்கம்மாவுக்கு அதுவரைக்கும் இருந்தது ஒரே படம், பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டப்ப எடுத்தது, அதுல வேல வாங்குற கண்டாக்கய்யாவப் பாக்குற மாதிரி மொறைச்சுக்கிட்டு இருப்பாங்க. துரைராசா சிரியுங்கோன்னாரு. எதுக்குன்னு கேட்டாங்க. அந்த எதுக்கு இருக்கு பாருங்க, அது அப்படியே படத்துல விழுந்திருக்கு. பெருசா கழுவி, நடுச் செவுத்துல மாட்டியாச்சு.

எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. தொறக்குற அன்னிக்கு ஒரு பெரிய மனுஷர் வந்தாரு, அவருக்குப் போடன்னு ரோசாப்பூ மாலை. அத என்ன பண்ணாரு இந்தத் துரைராசா, எங்கம்மா படத்துல கொண்டுபோயிப் போட்டுட்டாரு. குத்துவிளக்கு அதுக்கு நேர் கீழ இருந்துச்சு. வேற எடம் இல்ல, என்ன செய்ய? ஊதுபத்தியும் இருந்துச்சு. ஹால்ல ஈரவாடை அடிச்சுச்சும்மா, மழை ஊரு, கொளுத்தாம எப்படி? அத யாராச்சும் தப்புன்னு சொல்ல முடியுமா?

சொன்னாங்க. அதான வில்லங்கம். ஞாயித்துக்கெழம கந்தப்பளையிலேர்ந்து ஒரு கூட்டம் சீசன் பாக்க வந்திருக்கு. எங்கண்ணன் சிவசாமிக்குப் பொண்ணு பேசியிருக்கிறது அங்கதான், வைகாசியில கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்களேதான் வந்தது. வந்தவங்க படத்தப் பாத்தாங்க, மாலையப் பாத்தாங்க, வெளக்கு, பத்தி. நம்ம லயத்துல உசிரோட இருக்கிறவங்க படத்த யாரு செவுத்துல மாட்டி மாலை போடுறா? அங்கயே ஒப்பாரி. நா அந்நேரம் ரெண்டு வெள்ளக்காரங்களுக்குத் தொழிலாளர் அடையாளம் பத்தி விளக்கிக்கிட்டு வெளிய நிக்கிறேன். உள்ள வந்தா துரைராசா பூரிச்சுப் போயி நிக்கிறாரு, உங்கட ஆக்கள் படத்தப் பாத்துக் கண்ணீர் விட்டவை எண்டு. நானுந்தான் பூரிச்சேன். ஏன் பொய் சொல்லணும், அன்னிக்கு முழுக்க பூரிச்சேன்.

நேத்து அண்ணன் கடுதாசி வருது. கந்தப்பளையிலேர்ந்து மூணு பொம்பளைங்க மாரடிச்சுக்கிட்டு லயத்துக்கு வந்திருக்காங்க, எங்கம்மா வாசல்ல வெறகு பொளந்துக்கிட்டு இருந்திருக்காங்க. பாத்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும். அப்புறம் அம்மாவே அவங்கள உக்கார வச்சு, தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, எங்க, எனக்குப் பாடுனதக் கொஞ்சம் பாடுங்கன்னு கேட்டிருக்காங்க. கேட்டுட்டு, ரெண்டாவது அடி சரியில்லைன்னாங்களாம்.

சிரிக்கிறீங்களா? கொஞ்சம் இருங்க, கண்ணாடிய ஏத்திருவோம். சிங்கமலைச் சுரங்கம் வருது, பொகை உள்ள வரும். இருட்டுனா என்ன, வாய்க்கு வெளிச்சம் வேணாம்ல.

கல்யாணம் நின்னுருச்சும்மா, அதச் சொல்ல வந்தேன். செத்ததுக்காக இல்ல. செத்தத அவங்களுக்குச் சொல்லி அனுப்பலையாம், அந்த மூணு பேரும் கொண்டாந்த சேதி அது. சம்பந்தி வீட்டுக்கு எழவு சொல்லாத வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டாங்களாம். அண்ணன் ரெண்டு நாளாச் சாப்பிடல. போயிச் சொல்லலாம்ல? எங்கம்மா சாகலைன்னு நா போயி நிக்கணுமான்னு வீம்பு. நான்? நுவரெலியாவுலேர்ந்து கந்தப்பளை எட்டிப் பிடிக்கிற தூரந்தான். போயிருக்கலாம். ஆனா நா ஏன் போகணும்? படத்துக்குக் கீழ பேரு எழுதியிருக்கு, கொழுந்து எடுக்கிறாங்கன்னு எழுதியிருக்கு. எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு ஆளு இல்ல அந்தக் கூட்டத்துல. அந்தப் பொண்ணோட அம்மா, பேச்சியம்மாளாம், நா பாத்ததில்ல, பரிசம் போட்ட அன்னிக்கு எனக்குப் பரீட்சை. ஹால்ல அவங்கதான் ஓங்கி அழுததாம். கண்ணு இருக்கு, காது இருக்கு, ஒரு வார்த்த கேக்க வாய் இல்லாம போச்சு பாருங்க அந்த அம்மாவுக்கு...

அப்பாடா, வெளிச்சம். அட்டன் வந்துரும். பார்சல் பிரிஞ்சிருச்சும்மா, இருங்க, நா மடிக்கிறேன். செவப்புச் சேலை. மஞ்சள் முடிஞ்சிருக்கு... கோடியா? எழவுக்கா போறீங்க? ஐயோ, இவ்வளவு நேரம் வளவளன்னு பேசிட்டேனே. யாரு செத்தது?

சொல்ல வேணாம்னா விடுங்க. எங்க எறங்கணும் நீங்க?

வட்டவளையா.

எந்தத் தோட்டம்... இல்ல, வேணாம், சொல்லாதீங்க.

அத்தை... நீங்கதான் பேச்சியம்மாளா? கோடியப் போட்டுட்டு ஒறவ அறுத்துட்டு வரலாம்னு தனியாவே கெளம்பிட்டீங்களா? அந்த மூணு பேரும் உங்ககிட்ட வந்து சொல்லலையா? இன்னும் தோட்டத்துலயா இருக்காங்க... சரிதான், அம்மா பாட்டுத் திருத்திக்கிட்டு இருப்பாங்க.

என்ன கேட்டீங்க? மாலையா?

அதான் சொன்னேனே, துரைராசா...

துரைராசா இல்லீங்க அத்தை. நாந்தான். பெரிய மனுஷருக்கு எதுக்கு மாலை, ஒழைக்கிற எங்கம்மாவுக்குப் போடணும்னு அவரு கையிலேர்ந்து பிடுங்கிப் போட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க. வெளக்க நகத்துனதும் நாந்தான். பத்தி... அதுவும்தான். என்னயத் திட்டுங்க, நாலு அறை கூட அறைஞ்சுக்குங்க. எங்கண்ணன் ஒண்ணும் பண்ணல அத்தை. எங்க வீட்டுல யாரும் உங்களுக்குச் சொல்லாம சாக மாட்டாங்க, சத்தியமா.

ரொசல்ல தாண்டிருச்சு. அடுத்தது வட்டவளைதான்.

என்னங்க, பார்சல எங்கையில குடுக்குறீங்க? நா சொமக்கணுமா, லயம் வரைக்கும்? சொமக்கிறேன். அம்மா கையில குடுத்து, மாலை கதைய நானே என் வாயால சொல்லணுமா. லயத்துக்கே கேக்குற மாதிரியா. சொல்றேன். அப்ப வைகாசியில கல்யாணம்...?

மொதல்ல அதச் சொல்லிட்டுத்தான் கல்யாணப் பேச்சா? சரிங்க அத்தை. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு வர்றேன்.