பனங்கட்டைக் கைப்பிடி

மேசைக் கால்பந்துக்கு உலகத்திலேயே சிறந்த கைப்பிடியைச் செய்தவன் நான்தான். விஷயம் வெளியே தெரிந்திருந்தால் ஐரோப்பாவே கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்து என் வாசலில் வரிசையில் நின்றிருக்கும். சிரிக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தப் பெஞ்சில் வில்பிரட்டும் சிரிக்கிறான். வலது கை மணிக்கட்டோடு போயும் சிரிப்பு போகவில்லை. அந்தக் கையை வாங்கியது என் கைப்பிடி என்கிறேன் நான். சங்கு கிழித்தது என்று சாதிக்கிறான் அவன். சீழோடு கறுப்பு நார் வந்ததைப் பார்த்து என் மேல் புகார் கொடுத்தவள் அவன் பெண்டாட்டி கிரேசி. இந்த ஊரில் மூளை உள்ள ஒரே ஜீவன்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் எவனோ ஒரு கப்பல்காரன் மாலுமிகள் மன்றத்தில் அந்த மேசையை விட்டுப் போனான். குறுக்கே இரும்புக் கம்பிகள், கம்பியில் கோத்த மரப் பொம்மைகள். கைப்பிடியைத் திருகினால் பொம்மை பந்தை உதைக்கும். கைப்பிடி என்று அந்த மேதைகள் வைத்திருந்தது ஒரு கதவுக் குமிழ்! வியர்த்த கையில் விலாங்கு மாதிரி நழுவும். கப்பல் கம்பெனி வேலையில் ஓய்வு பெற்று, வீட்டுக்குப் பின்னால் கடைசல் பட்டறை போட்டிருந்த எனக்கு அதைப் பார்க்கவே குமட்டியது. நீளமாகக் கடைந்து மாட்டினேன். சப்பாத்திக் கட்டை என்றார்கள். எட்டுப் பட்டை வைத்தேன். விரலுக்குள் வந்து உட்கார்ந்தது. கைதட்டல் மட்டும் வில்பிரட்டுக்குப் போனது. அதைப் பிடித்து என்னைத் தோற்கடித்தவன் அவன்.

கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற பயல். பின்பக்கமாக ஒரு சுண்டு சுண்டுவான், பந்து கோலுக்குள் கிடக்கும்.

"பிடி ஜோரா இருக்கு அண்ணாச்சி. ஆடத்தான் ஆளில்ல," என்பான். மன்றத்து ஓடுகள் பிய்ந்து கடலில் விழுகிற மாதிரி எல்லோரும் சிரிப்பார்கள்.

நான் கோபப்படவில்லை. கைப்பிடியை இன்னும் மேம்படுத்தினேன், அவ்வளவுதான்.

பனங்கட்டையின் கறுப்பு நார் ஊசிக்குச் சமம். அதைக் கடைந்து, நாரெல்லாம் ஒரே பக்கம் சாய்கிற மாதிரி சீவினேன். முன்னால் திருகினால் வெண்ணெய். பின்னால் திருகினால் நார் எழும்பும். அவன் பக்கத்துக் கம்பிக்கு மட்டும் அதை மாட்டினேன். வள்ளம் கரையேறின கையோடு அவனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். காலையிலிருந்து கடலில் ஊறின உள்ளங்கை ஊறவைத்த அரிசி மாதிரி இருக்கும். வேறு எவனும் முதல் குத்திலேயே கையை எடுத்திருப்பான். சங்கு குளிக்கிறவன் எடுக்க மாட்டான். கயிறு கையை அறுத்தாலும் விடக்கூடாது என்று பழகின கூட்டம். அந்த முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் கடைந்தேன். பிடிக்கிறவன் யாரென்று தெரியாமல் கைப்பிடி செய்வது கத்துக்குட்டி வேலை.

ஆட்டத்தில் அவன்தான் ஜெயித்தான். கை வீங்கியதும் சங்கு கிழித்தது என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு திரும்பவும் கடலில் இறங்கினான். டாக்டர் கையை எடுத்த பிறகு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கண் கலங்கி எனக்கு நன்றி சொன்னான். கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிரேசி மன்றத்திலிருந்து கம்பியோடு கழற்றிக் கொண்டுவந்தது, இதோ, உங்கள் மேசை மேல் கிடக்கிறது. நீங்களும் எடுத்துத் திருகினீர்கள். "வழவழன்னுல்லா இருக்கு வே," என்றீர்கள். முன்னால் திருகினீர்கள், ஐயா.

"அண்ணாச்சி சும்மா அளக்காரு. விட்டுருங்க ஐயா," என்கிறான் வில்பிரட். பார்த்தீர்களா அவமானத்தை? கிரேசி, கம்பியை நீ அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அவன் இடது கையில் கொடு. பின்னால் சுண்டச் சொல்.

கொடுத்துவிட்டாள். பிடித்துவிட்டான். ஒரே சுண்டு. சிரிப்பு நின்றுவிட்டது, பிடியை மட்டும் இன்னும் விடவில்லை, பாருங்கள்.

"எழுதிக்கிடுங்க, ஐயா," என்கிறான். "சங்கு இல்ல. இதுதான்."