பட்டியலில் இல்லாத வீடு

அந்த நாற்காலி வேணாம்மா, ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. காப்பி காலைல போட்டது, கசக்கும். வேணாமா? சரி.

நீ கேக்குறது நியாயம்தான் டார்லா. தண்ணி ரொப்பின ரெண்டு தீயணைப்பு வண்டி நிக்குது, பதினோரு பேரு நிக்கிறோம், உங்கப்பா வீடு எரியுது. பாத்துக்கிட்டுதான் நின்னோம். பக்கத்து வீட்டுக்காரன் பர்டம் பணம் கட்டியிருந்தான். அவன் வேலி பத்திக்காம இருக்க அத நனைச்சுக்கிட்டு நின்னோம்.

எங்கள்ல எவனுக்கும் சம்பளம் கிடையாது, உனக்கே தெரியும். நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். தலைவர் ஹாலிஸ் டிராக்டர் ரிப்பேர் பாக்குறாரு. போன வருஷம் கோழி சுட்டு வித்துத்தான் குழாயே வாங்குனோம். டவுனுக்கு வெளிய இருக்குறவங்க வருஷத்துக்கு எழுபத்தஞ்சு டாலர் கட்டுனா பேரு பட்டியல்ல ஏறும். பட்டியல் வண்டிலயே தொங்கும். போற வழியில அத வாசிச்சுப் பேரு இருக்கு, இல்லன்னு சொல்றது என் வேலை. இல்லன்னு நான்தான் சொன்னேன்.

சேச்சே, அப்படி இல்லம்மா. உள்ள ஆளு இருந்தா பட்டியல் கிட்டியல் எதுவும் கிடையாது, பூந்துருவோம். ஹாலிஸ் உங்கப்பாகிட்ட மூணு தடவ கேட்டாரு, உள்ள யாராச்சும் இருக்காங்களா வெர்னான்னு. எதுக்குக் கேக்குறாருன்னு ஊருக்கே தெரியும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், இந்நேரம் கூரையாவது மிஞ்சியிருக்கும். உங்கப்பா மாதிரி மனுஷனுக்கு அது வருமா? நானும் ஆர்லீனும் இங்கதானய்யா நிக்கிறோம், கண்ணு அவிஞ்சா போச்சுன்னாரு.

ஆமா, செக் புக்க எடுத்து ஆட்டுனாரு. ஹாலிஸ் வாங்கல. எரியும்போது கட்டிக்கலாம்னா எவன் முன்னாடியே கட்டுவான்? ஹாலிஸோட சொந்த மச்சான் கொட்டகைக்கும் இப்படித்தான் நின்னோம். அந்த மச்சான் இன்னிக்கு வரைக்கும் அவருகூடப் பேசுறதில்ல.

உங்கம்மாவா? அவங்க... அவங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. பிப்ரவரிலயே குடுத்துட்டேன், குடுத்துட்டேன்னு. யாருகிட்டம்மான்னா, கோட்டும் முகமூடியும் போட்ட ஆளுகிட்டன்னாங்க. நாங்க பதினோரு பேருமே அப்படித்தான நிக்கிறோம்? பயலுக சிரிச்சுட்டானுங்க. நானும் சிரிச்சேன். உங்கப்பா அவங்க தோளப் புடிச்சு, விடு ஆர்லீன், நீ மறந்திருப்பன்னாரு.

என்னது? இந்தச் சனிக்கிழமையா? அந்த மறதிக்காரங்க இல்லத்துக்கா? உங்கப்பா ஒத்துக்கிட்டாரா? ஓ... அவங்களே சொன்னாங்களா, எனக்குப் புத்தி சரியில்ல, கொண்டு போய் விட்டுருங்கன்னு?

இரு, எந்திரிக்காத. ஒரு நிமிஷம்.

அவங்கள எங்கயும் கூட்டிட்டுப் போகாதம்மா. அவங்களுக்கு மறதியெல்லாம் இல்ல.

பிப்ரவரில, நம்ம வண்டி நிக்கிற இந்தக் கொட்டகை வாசல்ல பயிற்சி நடந்துச்சு. யாரோ ஒரு அம்மா ஒரு கவர நீட்டுனாங்க. வாங்கி கோட்டோட உள்பைல செருகிட்டுக் குழாய இழுக்கப் போயிட்டேன். அப்படியே மறந்தும் போயிட்டேன். நடுவுல எரிஞ்சதெல்லாம் புல்லு, அதுக்கு அந்தக் கனத்த கோட்டு வேணாம். உங்க வீட்டுக்குத்தான் மறுபடி மாட்டுனேன். வேலிகிட்ட நிக்கும்போது முகமூடிக் கண்ணாடில கரி. துடைக்கத் துணி இருக்கான்னு உள்ள கைய விட்டேன். மூணு இருபது, ஒரு பத்து, ஒரு அஞ்சு. அந்தக் கவர் மேல உங்கம்மா கையெழுத்துல அவங்க பேரு.

பயலுக சிரிச்சு முடிச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பத்து பேரு முன்னாடி எனக்கு வாய் வரல டார்லா. இருந்த இடத்துலயே வச்சுட்டு வேலிக்குத் தண்ணி அடிச்சேன்.

அப்போ உங்க சமையக்கட்டுப் பக்கம் இன்னும் தீ வரவே இல்ல.